மதுரையிலிருந்து வெளிநாட்டுத் தமிழ் வானொலிக்கு: பாட்டு நிகழ்ச்சி செய்யக் கிளம்புகிறவர்களுக்கு

வெளிநாட்டுத் தமிழ் ரேடியோவில் வேலை வேண்டும் என்று வருகிற தம்பி தங்கச்சிகள் எல்லாரும் முதலில் கேட்பது, "என் வாய்ஸ் எப்படிண்ணே இருக்கு?" அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. சுமாரான குரலோடு போய் வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், வெண்கலக் குரலோடு போய் முதல் ஒப்பந்தம் முடியும் முன்பே பெட்டி கட்டியவர்களும் இருக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இது: நான் போகப்போகிற ஊரில் காலை ஏழு மணிக்கு ரேடியோ போடுகிறவர் யார், அந்த நேரத்தில் அவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார்? இதற்குப் பதில் வைத்திருப்பவருக்குத்தான் வேலை கிடைக்கும், கிடைத்தாலும் நிலைக்கும். கீழே மைக், சான்றிதழ், விசா என்று எதைப் பேசினாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருவேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செல்லூர்க்காரன், உள்ளூர்ப் பண்பலையில் தொடங்கி, கடல் தாண்டியும் கொஞ்ச காலம் பாட்டு போட்டுவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன்.

எங்கே ஆள் எடுக்கிறார்கள்

சம்பளமும் விசாவும் கொடுத்து ஆள் எடுக்கக்கூடிய பெரிய நிலையங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் மீடியாகார்ப்பின் ஒலி 96.8 நாள் முழுக்கத் தமிழில் ஓடுகிறது. மலேசியாவில் அரசு வானொலியான ஆர்டிஎம்மின் மின்னல் எஃப்எம், தனியார் பக்கம் ராகா. மலேசியாவில் உள்ளூர்ப் பிள்ளைகளே நன்றாகப் பேசுகிறார்கள், வெளியிலிருந்து ஆள் கொண்டுவரும் தேவை அவர்களுக்குக் குறைவு, அதை மனதில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். வளைகுடாவில் துபாயை மையமாக வைத்துத் தமிழ்ப் பண்பலைகள் வருவதும் போவதுமாக இருக்கும். விளம்பரம் வரும்வரை ஓடும், வராவிட்டால் ஒரு நாள் அலைவரிசையில் வேறு மொழி கேட்கும். அங்கே போகிறவர்கள் நிலையம் தொடங்கி எத்தனை வருடம் ஆகிறது, உரிமையாளருக்கு வேறு என்ன தொழில் இருக்கிறது, ஏற்கெனவே இருந்த அறிவிப்பாளர்கள் ஏன் கிளம்பினார்கள் என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. கிளம்பினவர்களிடமே பேசுங்கள். பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள், கொஞ்சம் கூட்டியும் சொல்வார்கள்.

இன்னொரு வகை, வெளிநாட்டு அரசுகளும் திருச்சபைகளும் நடத்தும் தமிழ்ப் பிரிவுகள். சீன வானொலி 1963-ல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது, தமிழ்நாட்டிலிருந்து மொழி வல்லுநராக பெய்ஜிங் போய் வேலை பார்த்தவர்கள் உண்டு. மணிலாவில் வேரித்தாஸ், ரோமில் வத்திக்கான் வானொலி. இங்கெல்லாம் செய்தியும் மொழிபெயர்ப்பும்தான் பிரதானம், சினிமாப் பாட்டு போடும் ஆசையில் போனால் ரெண்டாவது வாரமே கொட்டாவி வரும்.

மூன்றாவது வகை டொரன்டோ, லண்டன், பாரிஸ், மெல்பர்ன் மாதிரி ஊர்களின் சமூக வானொலிகளும் இணைய வானொலிகளும். ஆஸ்திரேலியாவில் எஸ்பிஎஸ் என்ற பொதுத்துறை ஒலிபரப்பில் தமிழுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இந்த ஊர்களில் நான் பார்த்த அறிவிப்பாளர்களில் பாதிக்கு மேல் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், கணக்கர், நர்ஸ், ஐடி, டிரைவர், சனி ஞாயிறு மைக் முன்னால் உட்காருகிறார்கள். ரேடியோவுக்கென்று யாரும் விசா எடுத்துக் கொடுக்கப்போவதில்லை. படிக்கவோ வேலைக்கோ போகிறீர்கள், போன இடத்தில் ரேடியோவும் செய்கிறீர்கள், அவ்வளவுதான். இதைக் கேவலமாக நினைக்கிறவர்கள் உண்டு, எனக்கு என்னவோ இதுதான் மூன்றிலும் கௌரவமான வழி என்று படுகிறது, ஏனென்றால் பிடிக்காவிட்டால் "போயிட்டு வர்றேன்" என்று எழுந்து வந்துவிடலாம், விசா போய்விடும் என்ற பயம் இல்லை.

ஊரிலேயே கற்றுக்கொள்ள வேண்டியவை

மதுரையில் இருப்பது ஒரு வசதி. லேடி டோக் கல்லூரி சாலையில் ஆல் இந்தியா ரேடியோ இருக்கிறது, தனியாரில் மிர்ச்சி 98.3, சூரியன் 93.5, ஹலோ 106.4 என்று வரிசையாக இருக்கிறார்கள். ஆகாசவாணியில் பகுதிநேர அறிவிப்பாளர் தேர்வு அறிவித்தால் விடாதீர்கள். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, அப்புறம் 'வாணி' என்ற பயிற்சி. மாதத்துக்கு ஆறு டியூட்டிக்கு மேல் தரமாட்டார்கள், அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, ஆனால் நொடிக் கணக்கில் நேரம் பார்ப்பது, எது எப்போது ஒலிபரப்பானது என்று லாக் எழுதுவது, பாட்டு நின்றுபோனால் பதறாமல் அறிவிப்பு கொடுப்பது என்று அங்கே படிகிற ஒழுங்கு வேறெங்கும் படியாது. தனியார் பண்பலையில் படிவது வேகம். ரெண்டிலும் ஆறாறு மாதம் இருந்தவரையும் ஏதாவது ஒன்றில் ரெண்டு வருடம் இருந்தவரையும் பக்கத்தில் வைத்தால் நான் முதல் ஆளைத்தான் எடுப்பேன்.

இது ரெண்டும் கிடைக்கவில்லையா? பொங்கல் சமயத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் வாடிவாசல் மேடையில் மைக் பிடிக்கும் வர்ணனையாளர்களைக் கவனியுங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த மாடு வர அரை நிமிடம் தாமதமானாலும் பேச்சு நிற்காது, மாட்டுக்காரர் பேர், ஊர்ப் பேர், பரிசு கொடுத்தவர் பேர், அண்டா, கட்டில், சைக்கிள், தங்கக் காசு எல்லாம் வரிசை பிசகாமல் வரும், நடுவில் எவனாவது திமிலைப் பிடித்துத் தொங்கினால் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அங்கேயே வெட்டிவிட்டு அவனுக்குத் தாவுவார்கள், மாடு போனதும் விட்ட இடத்துக்கே திரும்புவார்கள். வாயால் விளம்பரதாரர் பேரைத் தப்பில்லாமல் சொல்லிக்கொண்டே கண்ணால் வேறொன்றைப் பார்ப்பதுதான் நேரலை வானொலியில் பாதி வேலை. அவர்களிடம் எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் இருக்கிறது, சத்தம். ரேடியோ கேட்பவர் கூட்டமாக நிற்கவில்லை, காரிலோ அடுப்படியிலோ தனியாக இருக்கிறார், மைக் உங்கள் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில்தான் இருக்கிறது.

அப்புறம் நாக்கு. மதுரைப் பக்கத்தில் ழ வழுக்கி ள ஆகிவிடும், பழம் பளமாகும், மழை மளையாகும், நமக்குக் காதில் விழவே விழாது. சிங்கப்பூரில் விழும். அங்கே ஏப்ரல் மாதம் முழுக்கத் தமிழ் மொழி விழா நடத்துகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் நிற்குமா நிற்காதா என்ற கவலையோடு ரேடியோ கேட்கிறவர்கள், ஆகவே உச்சரிப்பு தப்பினால் போன் வரும். தினமும் பேப்பரில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்து போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் தப்பு தெரியாது.

"அங்கிட்டு இங்கிட்டு" எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். மதுரைப் பேச்சு உங்களுக்கு ஒரு அடையாளம்தான், ஆனால் அதை வாரம் முழுக்க ஊற்றினால் திகட்டும். நேயர் போனில் வந்து "நீங்க மதுரையா?" என்று கேட்கும்போது நாலு வரி பேசிவிட்டு நிகழ்ச்சிக்குத் திரும்புங்கள்.

இலங்கை வானொலி இன்னும் நிற்கிறது

தென்மாவட்டங்களில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சிலோன் ரேடியோ கதை சொல்வார்கள். அதில் நமக்குத் தொழில் பாடம் ரெண்டு இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரின்போது நேசநாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பின் சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர், போர் முடிந்த பிறகு இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக சேவை தொடங்கியது. இங்கே பி.வி. கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக இருந்து சினிமாப் பாட்டை ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து ஓரங்கட்டிய நேரம், 1957 அக்டோபரில் ஆல் இந்தியா ரேடியோவின் பாட்டுச் சேவையான விவித பாரதி வரும்வரை பாட்டுப் பைத்தியங்களுக்குக் கொழும்புதான் கதி. இந்தியில் கோபால் சர்மா இங்கிருந்து போய்க் கொழும்பில் அறிவிப்பாளராக இருந்தார். அமீன் சயானி 1952-ல் தொடங்கிய இந்திப் பாட்டு நிகழ்ச்சியான பினாக்கா கீத்மாலாவை மும்பையிலேயே பதிவு செய்தார், நாடா கொழும்புக்குப் போய் அங்கிருந்து ஒலிபரப்பாகி மறுபடி இந்தியாவுக்கே வந்தது. ஆள் போகாமல் குரல் மட்டும் போவது அப்போதே இருந்த ஏற்பாடு. இன்றைக்கு வாய்ஸ் டிராக்கிங் என்கிறோம். கீழே மறுபடி இந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இன்னொரு பாடம் அறிவிப்பு முறை. வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று வந்தவர்கள் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாவற்றையும் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்களின் காது அந்தப் பழக்கத்தில் வளர்ந்தது. டொரன்டோவிலோ லண்டனிலோ வாலி எழுதிய பாட்டைக் கண்ணதாசன் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது, அடுத்த பாட்டு முடிவதற்குள் திருத்தம் வந்துவிடும், அதுவும் எந்த வருடம், எந்த ராகம் என்ற விவரத்தோடு.

பாட்டுக் கணக்கு

யூடியூப் தலைப்பை நம்பி அறிவிப்பு கொடுக்காதீர்கள். இசைத்தட்டு உறை, கேசட் அட்டை, படத்தின் டைட்டில் இந்த மூன்றில் ஒன்றாவது பார்த்திருக்க வேண்டும். 1965-க்கு முன் பின் தெரியாமல் விஸ்வநாதன் ராமமூர்த்தி இரட்டையரையும் எம்.எஸ்.வி. தனியாகச் செய்ததையும் குழப்பாதீர்கள். 1976-ல் இளையராஜா, 1992-ல் ஏ.ஆர். ரஹ்மான், இந்த ரெண்டு வருடங்களும் நேயர்களின் வயதைக் கண்டுபிடிக்கும் அளவுகோல்: ஒருவர் எந்தப் பக்கத்துப் பாட்டைக் கேட்கிறார் என்று தெரிந்தால் அவர் எப்போது ஊரைவிட்டுக் கிளம்பினார் என்று ஓரளவு ஊகிக்கலாம். கிளம்பியவர்களுக்கு ஊரின் பாட்டு, கிளம்பிய வருடத்தோடு நின்றுவிடும். அங்கேயே பிறந்தவர்களுக்கு அப்படி ஒரு வருடமே கிடையாது, அவர்கள் போன வாரம் வந்ததைக் கேட்கிறார்கள். ஒரே நிகழ்ச்சியில் ரெண்டு பேரும் இருப்பார்கள்.

மதுரைக்காரர்களுக்குக் கையில் இருக்கும் சரக்கு அதிகம். எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தது இங்கே, டி.எம். சௌந்தரராஜன் இந்த ஊர் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை, கொஞ்சம் மேற்கே போனால் இளையராஜாவின் பண்ணைப்புரம். இதையெல்லாம் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் அங்கே உள்ளூர்க் கலைஞர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டுச் சொல்லக் கூடாது. மலேசியாவில் யோகி பி தமிழ் ராப் பாடியது தெரியாமல் கோலாலம்பூரில் போய் உட்கார்ந்து "தமிழில் ராப் என்றால்..." என்று சென்னையிலிருந்து ஆரம்பித்தால் அன்றோடு உங்கள் கதை முடிந்தது. ஈழத்துப் பொப் இசைக்கு ஏ.இ. மனோகரனை எடுத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் அந்த நாட்டுத் தமிழ்ப் பாடகர், இசையமைப்பாளர் ஒரு இருபது பேரையாவது கேட்டுவைத்திருங்கள்.

இன்னொன்று, பாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. பெரிய நிலையங்களில் இசைப் பொறுப்பாளர் கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு வைத்திருப்பார், எந்த மணிக்கு எந்த வகைப் பாட்டு, எத்தனை மணி நேரத்துக்கு அதே பாட்டு திரும்ப வரக்கூடாது என்பதெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலை ரெண்டு பாட்டுக்கு நடுவில் இருக்கும் முப்பது நாற்பது நொடி. அதற்குள் ஒரே ஒரு விஷயம் பேசுங்கள். பாட்டின் முன்னிசை மேல் பேசினால் பாடகர் வாய் திறக்கும் முன் நிறுத்த வேண்டும், ஆகவே ஒவ்வொரு பாட்டின் முன்னிசையும் எத்தனை நொடி என்று தெரிந்திருக்க வேண்டும். எஸ்.பி.பி. குரலின் மேல் பேசுகிறவரை நேயர்கள் மன்னிப்பதில்லை, நானும்தான்.

டெமோ

டெமோ என்பது வேலை கேட்டு நிலையத்துக்கு அனுப்பும் மாதிரிப் பதிவு. பத்து நிமிட டெமோ அனுப்பாதீர்கள், யாரும் கேட்கமாட்டார்கள். ரெண்டு, அதிகம் போனால் மூன்று நிமிடம். பாட்டுகளைத் தலையும் வாலும் மட்டும் வைத்து வெட்டிவிட்டு உங்கள் பேச்சை ஒட்டுங்கள். முன்னிசை மேல் ஒரு பேச்சு, ஒரு விளம்பர வாசிப்பு, நேயரோடு ஒரு தொலைபேசிப் பேச்சு, அந்த ஊரின் போக்குவரத்தோ வானிலையோ கலந்த ஒரு பேச்சு, போதும். "வணக்கம், என் பெயர்..." என்று தொடங்கும் சுயவிளக்கம் வேண்டாம், அதற்குத்தான் பயோடேட்டா இருக்கிறது.

அந்த நாலாவது பேச்சில்தான் வேலை நிச்சயமாகிறது. துபாய் நிலையத்துக்கு அனுப்பும் டெமோவில் மாட்டுத்தாவணி டிராஃபிக் பற்றிப் பேசியிருந்தால் அழகாகச் சிரித்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். நீங்கள் போக நினைக்கும் நிலையத்தை ரெண்டு மூன்று வாரம் இணையத்தில் கேளுங்கள், ஒலி மீலிசன் செயலியில் வருகிறது, ராகா ஷியோக் செயலியில் வருகிறது. கேட்கும்போது ஒரு நோட்டு வைத்துக்கொண்டு சாலைப் பெயர், கடைப் பெயர், விளம்பரதாரர் பெயர், நேயர்கள் சொல்லும் பேட்டைப் பெயர் எல்லாம் எழுதுங்கள். செராங்கூன், தோ பாயோ, கிளாங், தேரா, கராமா, இதையெல்லாம் அங்கத்திய ஆள் சொல்கிற மாதிரி சொல்லிப் பழகுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பணத்தை வெள்ளி என்பார்கள், காலையில் பசியாறுவார்கள். கனடாவில் நேயர் உங்களோடு கதைப்பார். அவர்கள் மாதிரி நடித்துப் பேச வேண்டாம், கேலியாகத் தெரியும். புரிந்துகொண்டு உங்கள் தமிழில் பதில் சொன்னால் போதும்.

பதிவுக்கு ஸ்டூடியோ வாடகை தேவையில்லை. சுமாரான யூஎஸ்பி மைக், ஆடாசிட்டி மென்பொருள் இலவசம், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து தலைக்குப் பின்னால் ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கிவிடும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்வாக வைத்தால் ப எழுத்து வெடிக்காது. மதுரையில் பெரிய சவால் வெளிச் சத்தம். மே மாதத்தில் ஃபேனை நிறுத்தினால் வேர்த்து ஊற்றும், ஆடி பிறந்தால் எந்தத் தெருவில் எந்த அம்மனுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. பதிவை நடுராத்திரிக்கு மேல் வையுங்கள். எதிரொலி எஃபெக்ட், குரலைக் கனமாக்கும் வித்தை எதையும் சேர்க்காதீர்கள், கேட்பவர் அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

அமீன் சயானி வழி

விசா வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இணைய வானொலிகள் பலவற்றுக்கு வெளியூரிலிருந்து பதிவு செய்து அனுப்பும் குரல் தேவைப்படுகிறது. காசு குறைவு, சில இடங்களில் காசே கிடையாது, ஆனால் இன்னொரு நாட்டு நேயருக்குப் பேசிப் பழகும் வாய்ப்பு இதைவிட மலிவாகக் கிடைக்காது. நேரலை என்றால் நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் காலை ஆறு மணி நிகழ்ச்சி நமக்கு அதிகாலை மூன்றரை. கோடையில் டொரன்டோவின் மாலை ஆறு மணி நிகழ்ச்சியும் நமக்கு அதே மூன்றரைதான். தூங்கா நகரத்துக்கு இது ஒரு பெரிய விஷயமில்லை என்று பேச்சுக்குச் சொல்லலாம், ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒருவேளை மாதக் கணக்கில் இலவசமாகச் செய்யச் சொன்னால் மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்குள் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றிருப்பீர்கள்.

காகிதம்

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள், மண்டல அலுவலகம் ரேஸ்கோர்ஸ் பக்கம் பாரதி உலா சாலையில் இருக்கிறது. பட்டச் சான்றிதழ், தற்காலிகச் சான்றிதழ் இல்லை, பட்டமளிப்புச் சான்றிதழே கையில் வேண்டும். அமீரகத்துக்கு என்றால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று படிப்படியாக முத்திரை வாங்க வேண்டும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் பட்டத்தைச் சரிபார்த்த சான்று கேட்பார்கள். 2025 ஜனவரியிலிருந்து அந்தப் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 5,600 வெள்ளி, வயது கூடக் கூட இந்த வரம்பும் கூடும். இது தவிர 2023 செப்டம்பரிலிருந்து, சம்பளம், படிப்பு போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கும் புள்ளி முறையும் இருக்கிறது. அவ்வளவு கொடுத்து உங்களை எடுக்க நிலையத்துக்கு ஒரு காரணம் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால், அனுபவமில்லாமல் அனுப்பும் விண்ணப்பம் ஏன் பதிலில்லாமல் போகிறது என்பதும் புரியும்.

ஏஜென்ட் மூலம் வானொலி வேலை வருவது அபூர்வம். நிலையங்கள் தங்கள் இணையதளத்தில் அறிவிப்பார்கள், இல்லையென்றால் தெரிந்தவர் மூலம் எடுப்பார்கள். "ஆர்ஜே வேலை, ஒரு லட்சம் கட்டு" என்று யாராவது பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் உட்கார வைத்துப் பேசினால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், பதிவு உண்டா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அமீரகச் சட்டப்படி விசா செலவும் ஆள் எடுக்கும் செலவும் முதலாளியுடையது, உங்கள் பாஸ்போர்ட்டை அவர் வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. சுற்றுலா விசாவில் வா, வந்து மைக் பிடி, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது சம்பளத் தொகையை இல்லை, அடிப்படைச் சம்பளம் அதில் எவ்வளவு என்பதை. அமீரகத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது தரும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான், ஒரு வருடம் முடித்தவருக்கு முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கு. அலவன்ஸாகப் பிரித்துக் காட்டிவிட்டு அடிப்படையைச் சின்னதாக வைப்பார்கள், கவனம். அடுத்து, வெளியே மேடை நிகழ்ச்சி தொகுத்து வழங்க அனுமதி உண்டா? ரேடியோக்காரர்களுக்குக் கல்யாண வரவேற்பு, தீபாவளி நிகழ்ச்சி, கடை திறப்பு என்று பக்க வருமானம் வரும் என்று இங்கே எல்லாரும் நம்பிக்கொண்டு போகிறார்கள். சிங்கப்பூர் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அந்த ஒரு முதலாளிக்கு மட்டும்தான், பக்கத்தில் தனியாகச் சம்பாதிக்கக் கூடாது. அமீரகத்தில் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். பக்க வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமல் வாடகை கட்ட முடிகிறதா என்று பாருங்கள், முடியாதென்றால் அந்த வேலை வேண்டாம்.

போய் இறங்கிய பிறகு

முதல் மூன்று மாதம் ஊர் ஏக்கத்தை மைக்கில் கொட்டாதீர்கள். போன எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள், சித்திரைத் திருவிழா, ஜிகர்தண்டா, அம்மா சமையல், கோபுரம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். நேயர்களில் பாதிப் பேர் அந்த ஊரிலேயே பிறந்தவர்கள், அவர்களுடைய ஊர் அதுதான், நீங்கள் வந்து "நம்ம ஊர்" என்று மதுரையைச் சொல்லும்போது அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறீர்கள். மிச்சப் பாதிப் பேர் தங்கள் ஏக்கத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள், உங்களிடம் அவர்கள் எதிர்பார்ப்பது மழை வருமா, ரயில் தாமதமா, அடுத்த பாட்டு என்ன என்பது.

பஸ்ஸில் போங்கள். காலை நிகழ்ச்சி உங்களுடையது என்றால் விடுமுறை நாளில் ஒரு தடவை அந்த நேரத்துப் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி, யார் காதில் என்ன மாட்டியிருக்கிறது, எந்த நிறுத்தத்தில் கூட்டம் இறங்குகிறது என்று பாருங்கள். சந்தையில் என்ன விலை, பள்ளி எப்போது விடுமுறை, எந்த ஸ்டேஷனில் வேலை நடக்கிறது, இதெல்லாம் தெரிந்தவர் பேசும்போது குரலில் ஒரு நிதானம் வரும், அதை எந்தப் பயிற்சியாலும் வரவழைக்க முடியாது.

பேசக் கூடாதவற்றின் பட்டியலை முதல் வாரமே நிலையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இனம், மதம் பற்றி விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு "சும்மா தமாஷ்" என்று சமாளிக்க முடியாது. வளைகுடாவில் ரமலான் மாதத்தில் நிகழ்ச்சியின் தொனியே மாறும், 2022 மே மாதம் ஷேக் கலீஃபா மறைந்தபோது அமீரகத்தில் 40 நாள் துக்கம் அறிவித்தார்கள், அந்த மாதிரி நாட்களில் கலகலப்புக்கு இடமில்லை. இங்கே தமிழ்நாட்டுப் பண்பலையில் நாம் சாதாரணமாக அடிக்கும் கேலிகள், மனைவியை வைத்து, நிறத்தை வைத்து, வேறு மாநிலத்தாரை வைத்து, அவற்றில் முக்கால்வாசி அங்கே செல்லாது. என்னைக் கேட்டால் இங்கேயும் செல்லக் கூடாதுதான்.

குரலைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: ஏசி ஸ்டூடியோ தொண்டையை உலர்த்தும், வெதுவெதுப்பான தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும், நிகழ்ச்சிக்கு முன் பாலும் தயிரும் வேண்டாம். தூக்கம்தான் மருந்து. காலை நிகழ்ச்சி செய்பவர் ராத்திரி ஒன்பதுக்குப் படுக்க வேண்டும், அதற்கு நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும்.

வேலை முடிகிற சமயம்

இது எல்லாருக்கும் வரும், நிலையம் மூடலாம், புது நிர்வாகம் வரலாம், விசா நீட்டிக்காமல் போகலாம். விசா முதலாளியோடு கட்டியிருக்கிறது, வேலை போனால் நாட்டில் இருக்கக் கிடைக்கும் அவகாசம் நாட்டுக்கு நாடு மாறும், அதைப் போன முதல் மாதமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணத்தைத் தொடாமல் வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள், இங்கே வீட்டுக்கு அனுப்புவது அதற்குப் பிறகு. உங்கள் நிகழ்ச்சியின் நல்ல துண்டுகளை, விதிமுறை அனுமதித்தால், மாதா மாதம் தேதி போட்டு உங்கள் சொந்த டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ராஜினாமா கொடுத்த அன்று மாலையே லாகின் நின்றுவிடுவது பல இடங்களில் நடக்கிறது, அதற்குப் பிறகு போய்க் கேட்டால் ஆவணக் காப்பகத்தில் தேட ஆள் இல்லை என்பார்கள். அனுபவச் சான்றிதழில் "பணியாளர்" என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல் எந்த நிகழ்ச்சி, எந்த நேரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதச் சொல்லி, கடைசி நாளுக்கு முன்பே கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். அடுத்த நிலையத்துக்கு அதன் ஸ்கேனும் ரெண்டு நிமிட ஒலித்துண்டும் சேர்ந்து போக வேண்டும்.